கேட்காமலே அறிவித்த தானம்

முதலில் காலில்தான் தெரிந்தது. மாலையில் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக இருக்கும். நெடுநேரம் அது நிரம்பாது. கணுக்காலை விரலால் அழுத்தினால், பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் குழி விழும். வயதாகிவிட்டது, அதிகம் நிற்கிறேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சிறுநீர் நுரைத்தது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். பிறகு, துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் ஒரு சுவை வாயில் வந்து தங்கிவிட்டது. என் மனைவி சுசீலா வைக்கும் மீன்குழம்பை உப்பில்லை, புளியில்லை என்று ஒதுக்கினேன். குறை குழம்பில் இருப்பதாகவே நினைத்தேன்.

கிரியாட்டினின் கூடிவிட்டது என்று கேட்டுவிட்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, பக்கத்து நாற்காலியில் மனைவி இருக்கும் ஆண்களுக்காக.

நான் குடிநீர்த் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். திருவனந்தபுரத்தில் சொந்த வீடு, ஓய்வூதியம், பெங்களூரில் நல்ல வேலையிலிருக்கும் ஒரே மகள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஐம்பது வயதிலேயே வந்துவிட்டன. மாத்திரைகளை நினைத்தபோது போட்டேன். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய வலிமாத்திரைகள் ஏராளம். சிறுநீரகத்துக்கு அவை எவ்வளவு கெடுதல் என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. ரத்தம் சோதித்துப் பார்க்கும்படி சுசீலா சொல்வாள். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பேன்.

வேலையில் இருந்த காலம் முழுவதும் நோய் விடுப்பே எடுக்காதவன் என்ற பெயர் எனக்கு உண்டு. பிரிவுபசார விழாவில் மேலதிகாரி அதைத்தான் முதலில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டினேன்.

ஒரு காலை மூச்சு முட்டியது. படுத்தால் மூழ்குவதுபோல் இருந்தது. உட்கார்ந்தபடியே மருத்துவமனைக்குப் போனேன். நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

சிறுநீரக மருத்துவர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. மலையாளத்தில்தான் பேசுவார். வெளியுலகில் எனக்கும் மலையாளம்தான். தமிழ் வீட்டுக்கும் தேவாலயச் சபைக்கும். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். என் இரண்டு சிறுநீரகங்களும் ஏறத்தாழ ஓய்ந்துவிட்டன. கிரியாட்டினின் (தசைகளின் இயக்கத்தில் உண்டாகும் கழிவு, நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும்) ரத்தத்தில் தேங்கிக் கிடந்தது. உடனே டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்பச் செலுத்துவது) தொடங்க வேண்டும். இடது கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பது, சிரை தடித்து, பெரிய ஊசியைத் தாங்கும்) போட வேண்டும்.

"வேறு வழி இல்லையா?" என்றேன்.

"மாற்று சிறுநீரகம் பொருத்தலாம், சாரே. உங்க இதயம் தாங்கும்னா வயசு பெரிய தடை இல்ல. வீட்டில் யாராவது கொடுக்கத் தயாராக இருக்காங்களா?"

"என் மனைவி தருவாள்."

அப்போது சுசீலா அறையில் இல்லை. கீழே மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "அவரிடம் பேசிட்டீங்களா?"

"பேச என்ன இருக்கு டாக்டர்? நாற்பது வருஷக் குடும்பம்."

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில், காரில், சுசீலாவிடம் சொன்னேன்: "மாத்து கிட்னி வைக்கலாமாம். நீ குடுப்பன்னு சொல்லியாச்சு." அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். நாற்பது வருடமாக எனக்கு வந்துகொண்டிருந்த பதில் அது. அதைச் சம்மதம் என்றே படித்துப் பழகியிருந்தேன்.

இனி வருவதுதான் நான் செய்ததில் மோசமானது.

எங்கள் குடும்பங்கள் நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே, எல்லையோரத்திலிருந்து நகரத்துக்கு வந்தவை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். ஜெபக் குறிப்பு சொல்ல ஒரு நேரம் உண்டு. மகனுக்கு விசா, மருமகளுக்குப் பிரசவம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்வார்கள், சபை ஜெபிக்கும். அந்த ஞாயிறு நான் எழுந்தேன். என் நோயைச் சொன்னேன். "ஆனால் கர்த்தர் வழி திறந்திருக்கிறார். என் மனைவி தன் சிறுநீரகத்தை எனக்குத் தர முன்வந்திருக்கிறாள். அவளுக்காக ஜெபியுங்கள்" என்றேன்.

சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. பெண்கள் பக்கம் எல்லாத் தலைகளும் சுசீலாவை நோக்கித் திரும்பின. அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சபையில் எனக்கு ஓர் இடம் இருந்தது. வருடந்தோறும் வாலிபர் கூட்டத்தில் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி. கைசுத்தமான உத்தியோகம், கடனில்லாத வீடு, படித்த பிள்ளை, ஒற்றுமையான குடும்பம் என்று அடுக்குவேன். ஒவ்வொன்றுக்கும் உதாரணம் நான்தான். பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். சிறுநீரகம் கெட்ட பிறகும் அந்தப் பேச்சு மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதில் இன்னோர் உதாரணம் சேரப்போகிறது: கணவனுக்கு உறுப்பு தந்த மனைவி. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாரமே சபைப் பெண்கள் சுசீலாவைப் பார்க்க வந்தார்கள். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். பேச்சு நன்றாகக் கேட்டது.

"சுசீலாக்கா, உங்களப்போல ஒரு பொஞ்சாதி கெடைக்க சார் குடுத்து வச்சிருக்கணும்."

"ஒரு கிட்னி போனா ஒண்ணும் ஆவாதாம். ஒண்ணே போதுமாம். டி.வி.யில ஒரு டாக்டர் சொன்னாரு."

"அப்படியா?" என்றது சுசீலாவின் குரல். "அப்ப நீங்களும் ஒண்ணு குடுங்க. சாருக்கு ரெண்டாவே கெடைக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே நானும் சிரித்தேன். அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டு, அவளுக்காக ஜெபித்துவிட்டுப் போனார்கள்.

இதற்குள் டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முதல் சில வாரங்கள் எழுத்தில் சொல்லக்கூடியவை அல்ல. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். காது அடைக்கும். கெண்டைக்காலில் சதை முறுக்கிக்கொள்ளும். கத்தக்கூட மூச்சு இருக்காது. வீட்டுக்கு வந்தால் துவைத்துப் பிழிந்த துணிபோல் கிடப்பேன். இவை குறையும். முற்றிலும் போகாது, ஆனால் குறையும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை நம்பலாம்.

அடுத்த கட்டிலில் முருகன் பிள்ளை. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். எனக்கு முன்பே பல வருடம் அங்கே படுத்தவர். என் தொழிலைத் தெரிந்துகொண்ட அன்றிலிருந்து அவர் வாய் ஓயவில்லை.

"ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்த மனுசன். இப்ப ஒரு டம்ளர் குடிக்க டாக்டர்ட்ட பெர்மிஷன் வாங்கணும். சிஸ்டரே, இந்த இன்ஜினியர் சாருக்கு ஒரு கனெக்ஷன் போட்டுக் குடுங்க, அவரே விண்ணப்பம் எழுதுவாரு."

செவிலியர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

"நான் இங்க ரொம்ப நாள் இருக்க மாட்டேன் பிள்ளைவாள்" என்று ஒருநாள் சொன்னேன். "என் ஒய்ஃப் குடுக்கிறா."

அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "வீட்டம்மா சொன்னாங்களா, நீங்க சொன்னீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"செரி" என்றார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சுசீலாவுக்குச் சோதனைகள் நடந்தன. ரத்தப் பிரிவு ஒத்துப்போனது. ஸ்கேன், இதயச் சோதனை, சர்க்கரை எல்லாம் முடிந்தன. கடைசியாக, கொடுப்பவரைத் தனியாக வைத்து மருத்துவமனையில் பேசுவார்கள். அந்த அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. தாழ்வாரத்தில் காத்திருந்தேன். சாப்பாட்டு முறை பற்றி ஏதோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். சுசீலா வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "போலாம்" என்றாள்.

சில நாள் கழித்து டாக்டர் என்னை அழைத்தார். "சாரே, உங்க மனைவியிடமிருந்து எடுக்க முடியாது. அவங்க பொருத்தமில்ல."

"என்ன காரணம்?"

"மருத்துவக் காரணம். இனி அதைப்பற்றிக் கேட்கண்டா." கடைசிச் சொல் மலையாளமாகவே வந்தது, கட்டளையாக இருந்தது.

காரில் நான் சுசீலாவிடம் பேசிய சொற்கள் இவை. மாற்றாமல் எழுதுகிறேன். "நேரத்துக்கு ஒதவாத ஒடம்பு." அவள் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

என்னால் விடமுடியவில்லை. பம்பு ஓடவில்லை என்றால் ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவளுடைய சோதனை முடிவுகள் வீட்டில்தான் இருந்தன. வரிவரியாகப் படித்தேன். எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. மருத்துவமனை தவறு செய்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். வேறொரு மருத்துவமனையில் நேரம் வாங்கினேன். "செகண்ட் ஒப்பீனியன் பாக்கணும், கௌம்பு" என்றேன். சுசீலா சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

அங்கிருந்த இளம் மருத்துவர் காகிதங்களைப் புரட்டினார். அவளுடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். "நல்ல ஆரோக்கியமா இருக்காங்களே. இவங்க தாராளமாகக் கொடுக்கலாம். யார் முடியாதுன்னது?" என்றார்.

நான் வெற்றியோடு சுசீலாவைப் பார்த்தேன். அவள், "ஒரு டீ குடிக்கணும்" என்றாள்.

மருத்துவமனையின் உணவகத்தில் கூட்டம் இல்லை. அவள் தனக்கு மட்டும் டீ வாங்கிக்கொண்டாள். நான் குடிக்க அனுமதித்த அன்றைய நீரளவு முடிந்திருந்தது. ஊதி ஊதிப் பாதி குடித்த பிறகு பேசினாள்.

"அந்த டாக்டரம்மா மேல கோவப்படாதீங்க. எனக்காகத்தான் அப்பிடி சொன்னாங்க."

"ஒனக்காகவா? நீ என்ன சொன்ன?"

"எனக்குக் குடுக்க மனசில்லன்னு சொன்னேன். கதவ அடச்சு, தனியா வச்சு, 'உங்களுக்கு இஷ்டமா?'ன்னு கேட்டாங்க. அப்பிடி எங்கிட்ட யாரும் கேட்டதில்ல. ஒடனே பதிலும் வரல்ல. கொறச்சு நேரம் இருந்துட்டு, இல்லன்னு சொன்னேன். நீங்க பயப்படாதீங்க, காரணம் நாங்க பாத்துக்கிடுதோம்னு சொன்னாங்க. இல்லன்னு சொல்லுதவங்களுக்கு அவங்க எப்பவும் அப்பிடித்தானாம்."

சுற்றிலும் மேசைகள் துடைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. கணக்குத் தப்பிவிட்ட திகைப்பு.

"பயமா ஒனக்கு?"

"பயம்னா குடுத்திருப்பேன்" என்றாள். "மத்ததெல்லாம் பயந்துதான் குடுத்தேன்."

"என்ன குடுத்த?"

"விதுரையில எனக்க லேப் வேல. பெர்மனெண்ட் ஆன வேல. இன்ஜினியருக்க பொஞ்சாதி பஸ்ல தொங்கிட்டுப் போவாண்டாம்னு சொன்னீங்க. எழுதிக் குடுத்துட்டு வந்தேன்." விதுரை, பொன்முடி மலைக்குக் கீழே இருக்கும் ஊர். அங்குள்ள அரசு சுகாதார நிலையத்தில் அவள் ஆய்வக உதவியாளராக இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். "மோள எடுக்க எனக்க வயித்தக் கீறுனப்பம் நீங்க சைட்ல இருந்தீங்க. கர்ப்பப்பை எடுத்தப்பம் ஏதோ மந்திரி தொறந்து வைக்கப்போற டேங்கு. நான் ஒத்தைக்கு கையெழுத்துப் போட்டு உள்ள போனேன். அதையும் போய் வாலிபர் கூட்டத்துல பெருமையா சொன்னீங்க. வீட்டுல ஆபரேஷன் நடந்தப்பவும் நான் லீவு எடுக்கலன்னு. நான் கடைசி பெஞ்சுல இருந்து கேட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? கேட்டிருப்பீங்களா? வெளக்கி வெளக்கி சம்மதிக்க வச்சிருப்பீங்க."

இங்கே நிறுத்திக்கொண்டிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "அப்ப நான் சாகணும்" என்றேன்.

அவள் கண்ணாடி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். "சாகணும்னு நான் சொல்லுவனா? மெஷின் உண்டு. நான் கூட உண்டு. உப்பில்லாம சமைச்சுத் தருவேன், கொண்டுபோவேன், காத்திருப்பேன். இது ஒண்ணு மட்டும் எனக்குன்னு இருக்கட்டும்."

டீ ஆறிவிட்டிருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இதைப் படிக்கும் சிலர் அவளைக் குறை சொல்வீர்கள். அந்தக் காலத்தில் நானும் சொன்னேன், மனதுக்குள். பல நாள் அவளோடு பேசவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டேன், அவ்வளவுதான். அவளும் பேசவில்லை, ஆனால் சொன்னபடியே செய்தாள். காய்கறிகளை நறுக்கி, நிறைய தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தாள் (பொட்டாசியம் என்ற உப்பைக் குறைப்பதற்காக, அது கூடினால் இதயம் நிற்கக்கூடும்). டயாலிசிஸ் நாட்களில் என்னை அழைத்துப்போய், முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தாள்.

மகள் ஷீபா போன் செய்தாள். அம்மா பொருத்தமில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு அப்போது கைக்குழந்தை. "அப்பா, நான் தரேன். ஞான் தீருமானிச்சு. வீட்லயும் பேசிட்டேன்" என்றாள்.

அப்போதே வேண்டாம் என்று சொன்னேன் என்று எழுத ஆசை. சொல்லவில்லை. "யோசிக்கலாம் மோளே" என்றேன். யோசிக்கவும் செய்தேன். அவளுக்கு இளம் சிறுநீரகம்; அதிக நாள் உழைக்கும். குழந்தையை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இப்படியெல்லாம் என் மூளை போனது. போனில் நான் பேசியதைச் சமையலறையிலிருந்து கேட்ட சுசீலா வந்து கதவருகில் நின்றாள்.

"எங்கிட்ட கேட்டதப்போல அவகிட்டயும் கேப்பீங்களா?" என்றாள். திரும்பிச் சமையலறைக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்துத்தான் ஷீபாவை அழைத்து வேண்டாம் என்றேன். அந்த இரண்டு வாரமும் அவள் தூங்கியிருக்க மாட்டாள். அதற்கு நான்தான் பொறுப்பு. வேண்டாம் என்றதும் அவள் அழுதாள். அந்த அழுகையில் நிம்மதியும் இருந்தது. அதைக் கேட்கத் தெரியும் அளவுக்கு அப்போது எனக்குக் காது வந்துவிட்டிருந்தது.

சபை மட்டும் மீதி இருந்தது. சுசீலாவின் உடம்பு பொருந்தவில்லை என்ற செய்தி அங்கே பரவிவிட்டது. ஞாயிறுதோறும் யாராவது அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். உபவாசம் இருந்து ஜெபித்தால் ரிப்போர்ட் மாறும் என்றார் ஒரு பெண்மணி. இன்னொருவர், உள்ளே ஏதாவது தீராத வியாதி இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்று பயமுறுத்தினார். அவளுடைய நல்ல உடம்பு ஊருக்கு முன்னால் பழுதான உடம்பாகிவிட்டது. நான் சொன்ன ஒரு வாக்கியத்தால்.

உண்மையைச் சொன்னால் அவளைக் கிழித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் இந்தப் பரிதாபம் தொடரும். அவளிடமே கேட்டேன்: "சபையில என்ன சொல்லட்டும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்க தப்பு எதுவோ அத மட்டும் சொல்லுங்க. எனக்க காரியம் எனக்கு இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு ஜெபக் குறிப்பு நேரத்தில் எழுந்தேன். தடுமாறினேன், நான் பேச்சில் தடுமாறுகிறவன் அல்ல. என் மனைவி சிறுநீரகம் தருவாள் என்று இங்கே சொன்னேன், அவளிடம் கேட்காமலே சொன்னேன் என்றேன். "கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இந்தச் சபையை நான் அவள்மேல் ஏவிவிட்டேன். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுகிறேன். அவளுக்கு எந்த நோயும் இல்லை. அறுவை சிகிச்சை நடக்காது. காரணத்தை யாரும் அவளிடம் கேட்க வேண்டாம்." வாலிபர்களுக்கு வருடாவருடம் நான் பேசிய பேச்சையும் அவர்கள் மறந்துவிட வேண்டும் என்றேன். ஒற்றுமையான குடும்பம் என்று நான் காட்டியது, மறுத்துப் பேச ஒருவருக்கு வழியில்லாத வீடு என்றேன்.

ஸ்தோத்திரம் என்று யாரும் சொல்லவில்லை. போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். பாட்டு முடிந்து வெளியே வந்தபோது, எப்போதும் கை குலுக்குகிறவர்கள் சிலர் வேறு பக்கம் போனார்கள். அந்த வருடம் வாலிபர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதன் பிறகும் இல்லை.

காரில் சுசீலா சொன்னாள்: "சொன்னது செரி. ஆனா நீட்டிட்டீங்க. முன்னாடி இருந்த கொழந்த ஒறங்கிப் போச்சு."

நீண்ட நாளைக்குப் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்தது அன்றுதான். எனக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இது நடந்து மூன்று வருடமாகிறது. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவதற்கான பதிவில் என் பெயர் இருக்கிறது. எனக்கு எழுபது வயது. இளையவர்கள் பலர் காத்திருக்கிறார்கள். அழைப்பு வராது என்பது டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போதெல்லாம் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

முருகன் பிள்ளை போன மழைக்காலத்தில் இறந்தார். ஒரு திங்கட்கிழமை அவர் கட்டிலில் புதிய ஆள் படுத்திருந்தார். அவருடைய மனைவி கொடுக்க மறுத்தாரா, கொடுத்தும் பிழைக்கவில்லையா, ஆசையிருந்தும் முடியாமல் போனதா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. அத்தனை காலம் பக்கத்தில் படுத்திருந்தும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது என் பழைய வியாதி. சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே அது எனக்கு இருந்தது.

உங்களுக்கு நடைமுறையாகச் சொல்ல இதுதான் இருக்கிறது. வீட்டில் ஒருவரிடம் உறுப்பு கேட்கும் நிலை வந்தால், முதலில் மற்றவர்களிடம் சொல்லாதீர்கள். சபையிலோ கோயிலிலோ குடும்பக் கூட்டத்திலோ அறிவிக்காதீர்கள். நீங்களே கேட்கவும் வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்து மறுப்பது கடினம். மருத்துவர் கேட்கட்டும், கதவை அடைத்துக்கொண்டு. மறுத்தால், ஏன் என்று துருவாதீர்கள். கொடுத்தால், அது உங்கள் உரிமையாக இருந்தது என்று நினைக்காதீர்கள். மனம் நிறைந்து கொடுக்கிறவர்கள் நிறைய உண்டு. எங்கள் வார்டிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை.

இப்போது என் இடது கை மற்றவர்கள் பார்க்கக் கூசும் கை. முழங்கைக்குக் கீழே சிரைகள் கயிறுபோல் புடைத்திருக்கின்றன. தொட்டால் உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். காதருகே வைத்தால் தூரத்தில் இயந்திரம் ஓடுவதுபோல் இரையும். அது நின்றால் ஃபிஸ்டுலா அடைத்துவிட்டது என்று பொருள். எனவே காலையில் கண் விழித்ததும் முதல் வேலை அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பது. இரைகிறதா, இன்றைக்கு இருக்கிறேன். வெகுகாலம் இந்த உடம்பை அலுவலக ஜீப்பைப்போல ஓட்டியவன், இப்போது தினமும் அதனிடம் உத்தரவு வாங்குகிறேன்.

நாட்களும் முன்போல் இல்லை. டயாலிசிஸ் நாள் எனக்குச் சொந்தமில்லை. அடுத்த நாள் மட்டும் தலை தெளிந்து இருக்கும். அதற்கடுத்து மீண்டும் நீர் ஏறத் தொடங்கும், மூச்சு கனக்கும். வாரம் என்பது இப்போது ஏறி இறங்கும் நீர்மட்டம். நல்ல வாழ்க்கை எது என்று வாலிபர்கள் யாராவது இன்று கேட்டால் என்னிடம் பட்டியல் இல்லை. நல்ல நாள் எது என்று வேண்டுமானால் சொல்லத் தெரியும்.

போன மாதம் அப்படி ஒரு நாள். சபைப் பெண்கள் சேர்ந்து பஸ்ஸில் பொன்முடிக்குப் போவதாக இருந்தது. "நானும் போறேன்" என்றாள் சுசீலா. போகட்டுமா என்று கேட்கவில்லை. காலையிலேயே கிளம்பிவிட்டாள். எனக்குச் சமைத்து வைக்கவும் இல்லை. "பிரெட் இருக்கு. உப்பில்லாத வெண்ணெயும் உண்டு" என்று வாசலிலிருந்து சொன்னாள்.

வீட்டில் தனியாக இருந்தேன். எவ்வளவு நீளமான பகல். மதியத்துக்குப் பிறகு தாகம் எடுத்தது. தாகம் எடுத்தால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். தண்ணீர் கொஞ்சம்தான் உள்ளே போகும், நாக்கு ஏமாந்துவிடும். ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன். விதுரையில் வேலைக்குப் போய்வந்த நாட்களில் அவள் இதே பாதையில்தான் பஸ்ஸில் போயிருப்பாள். அங்கே அவளோடு யார் வேலை செய்தார்கள், மதியம் எங்கே சாப்பிட்டாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அவள் திரும்பி வந்ததும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டால் சொல்வாள் என்று உறுதியில்லை.

மாலையில் வந்தாள். காதைச் சுற்றி ஷால். மூக்கு சிவந்திருந்தது. செருப்பில் ஈரமண்.

"என்ன பாத்த?" என்றேன்.

"ஒண்ணும் பாக்கல்ல. மேல ஒரே மஞ்சு. பக்கத்துல நிக்குத ஆளுகூடத் தெரியல்ல." ஷாலை அவிழ்த்தாள். "நல்லா இருந்துச்சு."

"நீ வேல பாத்த எடம் வழியாவா போனீங்க?"

அவள் ஷாலை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். பிறகு, "அந்தக் கத இப்பம் வேண்டாம். எனக்குக் கை கால் கழுவணும்."

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வாயிலிருந்த ஐஸ்கட்டி கரைந்து தீர்ந்தது. அடுத்ததை எடுக்க இன்னும் நேரமாகவில்லை. உட்கார்ந்திருந்தேன்.